பரணில் கிடக்கும் மடிக்கணினி

"நெட்டு எடுக்க மாட்டேங்கு, பழசாப் போச்சு." பரணிலோ பீரோ மேலோ தூசி படிந்து கிடக்கும் அரசு மடிக்கணினியைக் காட்டிக் கேட்டால், அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரை வீடுகளில் இப்படித்தான் பதில் வரும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியருக்குக் கணினி கிடைத்தது. நெல்லைச் சீமையில் எத்தனையோ குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு, வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுதான். முதலில் வாங்கிய பிள்ளைகள் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், அவர்களில் பலருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. கணினி மட்டும் பரணில் இருக்கிறது. மேலே சொன்ன பதிலில் இரண்டு செய்திகள் உண்டு. இணையம் வரவில்லை என்பது ஒன்று. கணினி பழசு என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டாவதுதான் முதலாவதற்குக் காரணம் என்று முடிச்சுப் போடுகிறோமே, அங்கேதான் பிழை. அந்தப் பிழையால் நல்ல நிலையில் உள்ள கணினிகள் எடைக்குப் போகின்றன. கணினியில் உண்மையில் பழசானது எது, பழசாகாதது எது என்று பிரித்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம்.

ஒரு கணினி இன்னொன்றோடு பேச வேண்டுமானால் இரண்டும் ஒப்புக்கொண்ட விதிகள் வேண்டும். நெறிமுறை என்று அதைச் சொல்கிறோம். முறை என்ற சொல் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல; தண்ணீர் குறைந்த காலத்தில் எந்த மடைக்கு எத்தனை நாள் என்று முறை வைத்துப் பாய்ச்சிய ஊர்கள் இவை. தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஸ்ரீவைகுண்டம் அணை வெள்ளையர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. மற்றவை அதற்கும் முந்தியவை. இவற்றில் ஒன்றிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய்க்குத் தன் தண்ணீர் போய்ச் சேரும் வயலில் நெல் நிற்கிறதா, வாழை நிற்கிறதா என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் அம்பை 16 போன்ற ரகங்களைக் கொடுத்தது. ரகம் மாறிய ஒவ்வொரு தடவையும் யாரும் கால்வாயைப் புதிதாக வெட்டவில்லை. இணையத்தின் கட்டுமானமும் இதே மாதிரிதான். கீழே தரவைப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அடுக்கு ஒன்று. மேலே அந்தப் பொட்டலங்களுக்குள் இருப்பதைப் பிரித்துப் படிக்கும் அடுக்குகள். கீழ் அடுக்குக்குப் பெயர் டி.சி.பி./ஐ.பி. விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இரு அமெரிக்கர்கள் 1974இல் அதன் கருத்தை எழுதினார்கள். 1981 செப்டம்பரில் அதன் விதிகள் வெளியாயின. 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பு முழுவதும் அதற்கு மாறியது. இன்று வண்ணாரப்பேட்டையில் ஒருவர் கைப்பேசியில் படம் பார்க்கும்போதும் ஓடுவது அந்த நெறிமுறைக் குடும்பம்தான். 2012இல் வாங்கிய மடிக்கணினிக்கும் அது தெரியும். 1998இல் வாங்கிய மேசைக் கணினிக்குக்கூடத் தெரியும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. வீட்டுக் கணினிக்கு இந்த நெறிமுறையைக் கற்றுக்கொடுப்பதே ஒரு வேலையாக இருந்த காலம் உண்டு. விண்டோஸ் 3.1 வெளிவந்தபோது அதில் டி.சி.பி./ஐ.பி. கிடையாது. டாஸ்மேனியாவைச் சேர்ந்த பீட்டர் டாட்டம் எழுதிய டிரம்பெட் வின்சாக் என்ற மென்பொருளைத் தனியாகப் போட்டால்தான் கணினி இணையத்தோடு வாய் திறக்கும். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15. விண்டோஸ் 95 வெளியானது அதற்கு ஒன்பது நாள் கழித்து. அந்தப் புது விண்டோஸில் நெறிமுறை இருந்தது. ஆனால் வலையமைப்பை நிறுவும்போது அது தானாக முன்வைத்தவை நெட்பியூய், ஐ.பி.எக்ஸ். என்ற அலுவலக உள்வலைக்கான வேறு இரண்டு. கன்ட்ரோல் பேனலைத் திறந்து, பட்டியலில் தேடி, டி.சி.பி./ஐ.பி.யை நாமே சேர்க்க வேண்டும். நம் ஊரில் இதற்குக் காசுக் கணக்கும் இருந்தது. வி.எஸ்.என்.எல். இரண்டு வகைக் கணக்குகள் விற்றது. ஷெல் கணக்கில் வெறும் எழுத்துத்தான் தெரியும். படத்தோடு வலைப்பக்கம் பார்க்க வேண்டுமானால் பல மடங்கு விலை கொடுத்து டி.சி.பி./ஐ.பி. கணக்கு வாங்க வேண்டும். நெறிமுறை ஒன்றைத் தனி விலைக்கு வாங்கிய தலைமுறை அது. 2005இல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் அகலக்கற்றையைக் கொண்டுவந்தபோது சிரமம் கணினியிலிருந்து மோடத்துக்கு இடம் மாறியது. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் 0, 35 என்ற இரண்டு எண்களைச் சரியாகக் கொடுத்து, பி.பி.பி.ஓ.இ. என்பதைத் தேர்ந்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டால் விளக்கு நிலையாக எரியும். இன்று அதுவும் இல்லை. கண்ணாடி இழைக் கம்பி கொண்டுவருபவரே மோடத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் போகிறார். கணினிக்கு முகவரி தானாக வருகிறது. பழைய கணினியை இணையத்தில் சேர்ப்பதன் கடினமான பாதி, இந்த முப்பது ஆண்டில் நம் கையை விட்டே போய்விட்டது.

பழைய கணினிக்கு இன்றும் இணையம் எட்டும் என்பதை நிரூபிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பழைய கணினியை வைஃபையில் சேர்த்தோ, மோடத்திலிருந்து நேராக ஒரு கம்பி செருகியோ, கட்டளைச் சாளரம் என்ற கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று தட்டச்சு செய்தால் நான்கு பகுதி கொண்ட ஓர் எண் வரும். அது 192.168 என்று தொடங்கினால் மோடம் கணினிக்கு முகவரி கொடுத்துவிட்டது என்று பொருள். 169.254 என்று தொடங்கினால் கேட்டும் யாரும் கொடுக்கவில்லை, கணினி தானே ஒரு தற்காலிக எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்படியானால் கோளாறு கம்பியிலோ, வைஃபை கடவுச்சொல்லிலோ, மோடத்திலோ இருக்கிறது. அடுத்து பிங் 8.8.8.8 என்று கொடுத்தால் நான்கு வரி பதில் வர வேண்டும். வந்தால், பரணிலிருந்து இறங்கிய அந்தக் கணினி வீட்டை விட்டு, ஊரை விட்டு, வெளியே ஒரு கணினியோடு பேசித் திரும்பியிருக்கிறது. இவ்வளவும் சரியாக நடக்கும் அதே கணினியில் பிரவுசரைத் திறந்து வங்கித் தளத்தையோ அரசுத் தளத்தையோ கேட்டால், "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்றோ "பக்கத்தைக் காட்ட முடியவில்லை" என்றோ வருகிறது. வீட்டில் உள்ளவர்கள் இந்தச் செய்தியைத்தான் "நெட்டு எடுக்கலை" என்று படிக்கிறார்கள். கால்வாயில் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது, சிக்கல் வயலில்.

வயலில் என்ன சிக்கல்? மூன்று சொல்லலாம், அவற்றில் முதலாவது அநியாயத்துக்குச் சின்னது. கணினியின் தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் வட்டமான பேட்டரி ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் நாள், நேரத்தை நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. பல ஆண்டு பரணில் கிடந்த கணினியில் அது செத்திருக்கும். அப்போது கணினி ஒவ்வொரு தடவை விழிக்கும்போதும் தான் பிறந்த ஆண்டிலேயே விழிக்கும். திரையின் வலது கீழ் மூலையில் 2011 என்றோ 2012 என்றோ காட்டும். பாதுகாப்பான வலைத்தளம் ஒவ்வொன்றும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதிய ஒரு சான்றிதழைக் காட்டித்தான் தன்னை நிரூபிக்கிறது. 2012இல் நிற்கும் கணினியின் கண்ணுக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. ஒன்றையும் ஏற்காது. சில பத்து ரூபாய் பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் இந்தத் தடை போய்விடும். இது தெரியாமல், கணினியே போய்விட்டது என்று முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய இழப்பு!

இரண்டாவது, அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் யார் என்பது. சாதிச் சான்றிதழ் செல்ல வேண்டுமானால் தாசில்தார் கையெழுத்தை அலுவலகம் ஏற்க வேண்டும். அதுபோல், யார் யார் கையெழுத்தை ஏற்கலாம் என்ற பட்டியல் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்காத பட்டியலில் புதியவர்கள் இருக்க மாட்டார்கள். பழையவர்களில் சிலர் ஓய்வு பெற்றிருப்பார்கள். 2021 செப்டம்பர் 30 அன்று உலகெங்கும் ஏராளமான தளங்கள் சார்ந்திருந்த அப்படி ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது; அன்று பல பழைய கருவிகளில் தளங்கள் திடீரென்று திறக்காமல் போயின. மூன்றாவது, பூட்டு. தளமும் கணினியும் தமக்குள் போகும் செய்தியைப் பூட்டி அனுப்பும் நெறிமுறைக்கு டி.எல்.எஸ். என்று பெயர். 1999இல் வந்த அதன் முதல் வடிவமும் 2006இல் வந்த அடுத்த வடிவமும் பலவீனமானவை என்று 2021இல் முறைப்படி கைவிடப்பட்டன. 2008, 2018 ஆண்டுகளின் வடிவங்களே இன்று செல்லும். விண்டோஸ் 7உடன் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8இல் 2008ஆம் ஆண்டு வடிவம் உள்ளே இருந்தும் அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. சாவி வீட்டுக்குள் இருந்தும் வாசலில் நின்ற கதை. அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் அது இயங்கும். சில தளங்கள் திறக்கவும் செய்யும். ஆனால் இன்றைய வலைப்பக்கங்களின் நிரல்மொழி அந்தப் பிரவுசருக்குப் புரியாததால் பாதிப் பக்கம் சிதறித் தெரியும். ஆகவே டிக் போட்டு ஒப்பேற்றுவதைத் தீர்வாக நான் சொல்ல மாட்டேன்.

தீர்வு, இயங்குதளத்தையே மாற்றுவது. வயலும் கால்வாயும் அப்படியே இருக்க, விதையை மட்டும் மாற்றுவதற்குச் சமம் இது. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் முடிந்தன. குரோம் பிரவுசர் விண்டோஸ் 7க்குத் தந்த கடைசி வடிவம் 109. ஒரு நிறுவனம் ஒரு தேதியில் கை கழுவியதால் கணினியின் செயலியும் திரையும் விசைப்பலகையும் கெட்டுவிடுவதில்லை. லினக்ஸ் மின்ட், டெபியன் போன்ற இலவச இயங்குதளங்களின் இன்றைய வடிவத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் இருக்கும் எதையும் தொட வேண்டியதில்லை. புதிய பூட்டு, புதிய கையெழுத்துப் பட்டியல், புதிய பிரவுசர் மூன்றும் ஒரே வீச்சில் வந்துவிடும். பிடித்தால் நிறுவிக்கொள்ளலாம். 2011க்குப் பின் வந்த மடிக்கணினிகளின் செயலிகள் பெரும்பாலும் 64 பிட் வகை. புதிய லினக்ஸ் அவற்றில் ஓடும். வீட்டில் அகலக்கற்றை இல்லையே என்றால், கையில் இருக்கும் கைப்பேசியே மோடம்: யு.எஸ்.பி. கம்பியில் கைப்பேசியைச் செருகி டெதரிங் என்பதை இயக்கினால் லினக்ஸ் அதை ஒரு வலையமைப்புக் கம்பியாகவே எடுத்துக்கொள்ளும். வைஃபையில் சேர்ப்பதானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய மோடங்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைகளில் பெயர் காட்டும்; பழைய மடிக்கணினிகளில் பலவற்றுக்கு முதலாவது மட்டுமே தெரியும். பட்டியலில் வீட்டு வைஃபை பெயரே வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது, கைப்பேசி இருக்கும்போது கணினி எதற்கு என்பது. பார்ப்பதற்கும் பேசுவதற்கும் கைப்பேசி போதும். நிரப்புவதற்கும் எழுதுவதற்கும் போதாது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகைக்கு தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்களை ஒளிவருடி, கேட்ட அளவுக்குச் சுருக்கி, பக்கம் பக்கமாக நிரப்பி, ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்து அனுப்ப வேண்டும். ஆறு அங்குலத் திரையில் ஒரு கையால் செய்யும் இந்த வேலையில் ஓர் எழுத்துப் பிழை வந்தால் ஓராண்டுப் பணம் போகும். பட்டா, வில்லங்கச் சான்று, தேர்வாணைய விண்ணப்பம், கல்லூரித் திட்ட அறிக்கை எல்லாம் இந்த வகைதான். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் இதற்காக இன்டர்நெட் மையத்தில் காத்திருந்து, தம் ஆதார் எண்ணையும் கடவுச்சொல்லையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லும் தாய்மார்களின் வீட்டுப் பரணில் ஒரு விசைப்பலகையும் பதினான்கு அங்குலத் திரையும் சும்மா கிடக்கின்றன.

இரண்டாவது எதிர்ப்பு பாதுகாப்பைப் பற்றியது. இது முற்றிலும் நியாயமானது. இதை லேசாக எடுத்துக்கொள்பவர்கள் வீட்டாருக்குத் தீங்கு செய்கிறார்கள். ஆதரவு முடிந்த விண்டோஸை அப்படியே இணையத்தில் விட்டு அதில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது. கடையில் யாரோ திருட்டுப் பிரதி போட்டுக் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். ஆனால் இந்த எதிர்ப்பு இயங்குதளத்துக்கு எதிரானது, கணினிக்கு எதிரானதல்ல. புதுப்பிப்பு வாராவாரம் வரும் லினக்ஸ் ஓடும் 2012ஆம் ஆண்டுக் கணினி, புதுப்பிப்பே வராத மலிவுக் கைப்பேசியை விடப் பாதுகாப்பானது. டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளே வேண்டும் என்பவர்கள் பழைய விண்டோஸை வைத்துக்கொள்ளட்டும்; இணையக் கம்பியை மட்டும் கழற்றிவிடட்டும்.

லினக்ஸ் நம் மக்களுக்குப் பழக்கமில்லை என்பது மூன்றாவது. பழக்கமில்லை என்பதை விட, பழக விடவில்லை என்பதே சரி. அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனத்தின் தயாரிப்பு அது, டெபியனை அடியொற்றியது. திறந்து பார்த்தவர்கள் குறைவு. இடத்தை அடைக்கிறது என்று அழிக்கச் சொன்னவர்கள் நிறைய. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போனால் கேரள அரசுப் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பப் பாடமும் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு முடிவது இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு முடியாதா? தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் உண்டு. பட்டியல்களைத் தமிழிலேயே காட்டச் செய்யலாம். கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்கிவருகிறது. ஆள் இல்லை, நூல் இல்லை என்ற காலம் போய்விட்டது.

எல்லாப் பழைய கணினியையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அரை ஜிபி நினைவகத்தோடு, வயிறு பெருத்த பழைய மானிட்டரோடு இருக்கும் மேசைக் கணினி தின்னும் மின்சாரத்துக்கு அது தரும் பயன் ஈடாகாது. அதைப் போக விடலாம். 2 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியும் இன்றைய பிரவுசரில் நாலைந்து பக்கத்தைச் சேர்ந்தாற்போல் திறந்தால் மூச்சு வாங்கும். நினைவகத்தை நாலாக்கி, சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் நடை மாறும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்.எஸ்.டி. போடுங்கள். போக விடுவதிலும் முறை வேண்டும். காயலான் கடை என்ற சொல்லே காயல்பட்டினத்து வணிகர்களால் வந்தது என்பார்கள். பழசுக்கு விலை தெரிந்த ஊர் அது. ஆனால் மின்னணுக் கழிவு வெறும் பழைய இரும்பு அல்ல. வயிறு பெருத்த அந்தப் பழைய மானிட்டர் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக்காகக் கம்பியை எரித்தால் நச்சுப் புகை வருகிறது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது போய்ச் சேர வேண்டும். ஆற்றங்கரையில் எரிப்பவரிடம் போனால் அந்தச் சாம்பல் கடைசியில் நாம் குடிக்கும் தண்ணீரில்தான் கலக்கும்.

கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டில் புதிய கணினிகள் தருவதாக 2025 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. புதியது வருவது நல்லது. அது வரும் வீட்டில் அக்காளுக்கோ அண்ணனுக்கோ கொடுத்த பழையதும் இருக்கும். அதை எழுப்ப ஆள் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு கல்லூரி இருக்கிறது. பேட்டையிலும் இருக்கிறது. அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகமே இருக்கிறது. கணினித் துறை மாணவர்களும் நாட்டு நலப்பணித் திட்டத்தாரும் கிராமத்தில் முகாம் போடும்போது ஒருநாளை இதற்கென்று ஒதுக்கலாம். பத்து பென் டிரைவும் ஒரு டப்பா நாணய பேட்டரியும் ஒரு திருப்புளியும் இருந்தால் அந்த ஊர்ப் பரண்களில் இருப்பவை எல்லாம் கீழே இறங்கும். கல்லூரிகள் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக் கணினியைத் துடைத்து எடுத்து, முதலில் அதன் வலது கீழ் மூலையில் என்ன தேதி காட்டுகிறது என்று பாருங்கள்.